ஒற்றை சர்வரில் ஓடும் கொழுந்துக் கணக்கு அப்ளிகேஷனைக் கிளஸ்டருக்கு மாற்றுவது எப்படி?

கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சிறு விவசாயிகளிடம் தேயிலைக் கொழுந்து எடை போடும் இடங்களில், போனில் ஓடும் ஓர் அப்ளிகேஷன். பின்னால் நான்கு வருடமாக ஓடும் ஒரே சர்வர், பார்த்துக்கொள்ள நீங்கள் இருவர். அப்ளிகேஷனை ஓட்டும் டாம்கேட், டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் இரண்டும் அதற்குள்ளேயே. போன அக்டோபரில் அந்த மெஷின் ஒரு நாள் முழுக்கப் படுத்துவிட்டது, எடைச் சீட்டுப் போட முடியாமல் எடை போடும் இடங்களில் கொழுந்துச் சாக்குகள் குவிந்துவிட்டன. நிர்வாகம் அதே மாதிரி இன்னொரு சர்வர் வாங்கிக் கொடுத்து, கிளஸ்டர் பண்ணிவிடுங்கள், அதாவது இரண்டும் சேர்ந்து ஒன்றாக வேலை செய்யட்டும், என்று சொல்லியிருக்கிறது. இரண்டாவது மெஷினிலும் அதே அப்ளிகேஷனைப் போட்டு, முன்னால் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் ஒரு லோட் பேலன்சர் வைத்தால் போதுமா, மாற்றும்போது எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அடுத்த முறை ஒரு மெஷின் படுத்தாலும் எடை போடுவது நிற்கக் கூடாது, அது ஒன்று. ஒரே அப்ளிகேஷன் இரண்டு இடத்தில் ஓடும்போது விவசாயியின் கணக்கு தப்பாகிவிடக் கூடாது, அது இன்னொன்று. முதலாவதை எல்லோரும் யோசிப்பார்கள். இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. நிறுத்தும் நேரத்தைக் கடைசியில் பார்க்கலாம், அது மூன்றிலும் சுலபமானது. நேராகச் சொன்னால், நீங்கள் சொன்னது போதாது. ஆனால் அதற்கான காரணம் மெஷினில் இல்லை, உங்கள் அப்ளிகேஷனுக்குள் இருக்கிறது.

நான் குன்னூரில் இருந்துகொண்டு பதினேழு வருடமாக சர்வர் வேலை பார்க்கிறேன். ஒற்றை சர்வரிலிருந்து கிளஸ்டருக்கு மாற்றும் வேலையை ஒன்பது இடங்களில் செய்திருக்கிறேன். இன்னும் இரண்டு இடங்களில், உங்களுக்கு இது வேண்டாம் என்று சொல்லித் திரும்பி வந்தேன். உங்கள் கோடை நான் பார்க்கவில்லை. அதனால் எது எந்த அப்ளிகேஷனுக்கும் பொருந்தும், எது உங்கள் கோடைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், எது என் சொந்த அபிப்பிராயம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டை எடுத்து, கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை முறை நின்றது, ஒவ்வொரு முறையும் எதனால் நின்றது என்று எழுதுங்கள். டிஸ்க் போனது, பவர் சப்ளை எரிந்தது என்றால் அது மெஷின் கோளாறு. கரண்ட் போய் யுபிஎஸ் தீர்ந்தது, மரம் விழுந்து ஃபைபர் அறுந்தது என்றால் அது வேறு கோளாறு. நம் நீலகிரி மலையில் இரண்டாவது வகைதான் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பாதைகள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி ஒரு நாளில், ஒரே அறையில், ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே ஃபைபர் லைனில் நிற்கும் இரண்டு சர்வரும் சேர்ந்தேதான் போகும். ஒரே அறையில் உள்ள கிளஸ்டர் காப்பாற்றுவது மெஷின் கோளாறிலிருந்து மட்டும். கூடவே, சாஃப்ட்வேர் தொங்கிப்போவதிலிருந்து ஓரளவு.

நோட்டில் லைன் பிரச்சினைதான் நிறைய என்று தெரிந்தால், முதல் பணம் வேறு பாதையில் வரும் இரண்டாவது லைனுக்குப் போகட்டும். அதைவிட முக்கியமாக, எடை போடும் போனிலேயே சீட்டைச் சேமித்து வைத்து, சர்வர் கிடைக்கும்போது அனுப்பும்படி அப்ளிகேஷனை மாற்றுங்கள். இது என் அபிப்பிராயம்தான், ஆனால் உறுதியான அபிப்பிராயம்: உங்கள் வேலைக்கு இந்த ஒரு மாற்றம் கிளஸ்டரைவிடப் பெரியது. சர்வர் இரண்டு மணி நேரம் இல்லாவிட்டாலும் விவசாயி சாக்கை இறக்கி, எடை போட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அதைச் செய்யும்போது, ஒவ்வொரு சீட்டுக்கும் திரும்ப வராத ஓர் அடையாள எண்ணைப் போனே உருவாக்கட்டும். யுயுஐடி என்று சொல்வார்களே, அது போதும். சர்வர் பக்கம் அந்த எண் இரண்டு முறை பதிவாகாதபடி யூனிக் கட்டுப்பாடு போட்டு, ஏற்கெனவே வந்த எண் மறுபடி வந்தால் பேசாமல் விட்டுவிட்டு, கிடைத்தது என்று மட்டும் பதில் சொல்லச் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் 9.5-லிருந்து இதை ஒரே கட்டளையில் செய்யலாம். கிளஸ்டருக்கும் இது கட்டாயம் வேண்டும். கிளஸ்டரில் ஒரு மெஷின், அதாவது ஒரு நோடு, விழுந்து வேலை அடுத்ததற்கு மாறும் அந்தச் சில நொடியில், சீட்டு பதிவாகிவிட்டது, பதில் மட்டும் போனுக்கு வரவில்லை என்ற நிலை நிச்சயம் வரும். போன் மறுபடி அனுப்பும். அடையாள எண் இல்லையென்றால் 42 கிலோ 84 கிலோவாகிவிடும்.

சரி, இதையெல்லாம் பார்த்த பிறகும் கிளஸ்டர் வேண்டும் என்றால், அடுத்து தேட வேண்டியது இது: நான்கு வருடமாக ஒரே மெஷினில் ஓடிய அப்ளிகேஷன், யாருக்கும் சொல்லாமல் அந்த மெஷினுக்குள் எதையெல்லாம் வைத்திருக்கிறது? ஒன்று மட்டும் ஓடும்போது தப்பே இல்லாத பல பழக்கங்கள், இரண்டு ஓடத் தொடங்கியதும் தப்பாகிவிடும்.

முதலில் செஷன். யார் லாகின் செய்திருக்கிறார் என்ற தகவலை டாம்கேட் தன் மெமரியில் வைத்திருக்கிறது. முதல் கோரிக்கை ஒரு நோடுக்கும் அடுத்தது இன்னொன்றுக்கும் போனால், அந்த இன்னொன்றுக்கு இவரைத் தெரியாது, லாகின் பக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். இதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒரு ஆளை எப்போதும் ஒரே நோடுக்கு அனுப்புவது ஒன்று. நோடுகள் ஒன்றுக்கொன்று செஷனைப் பிரதி எடுத்துக்கொள்வது இன்னொன்று. செஷனை நோடுகளுக்கு வெளியே பொதுவான இடத்தில் வைப்பது மூன்றாவது.

முதல் வழியில் ஒரு பொறி இருக்கிறது. என்ஜின்எக்ஸ் என்ற லோட் பேலன்சரில் ஐபி முகவரியை வைத்துப் பிரிக்கும் முறை, ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று பகுதிகளை மட்டும்தான் பார்க்கும். உங்கள் போன்கள் எல்லாம் ஒன்றிரண்டு மொபைல் நிறுவனங்களின் வழியாக, பலருக்கும் பொதுவான சில முகவரிகளிலிருந்துதான் வரும். அப்படி வந்தால் மொத்தக் கூட்டமும் ஒரே நோடில் போய் விழுந்து, மற்றது சும்மா நிற்கும். ஹெச்ஏபிராக்ஸி என்ற இன்னொரு லோட் பேலன்சர் குக்கீ, அதாவது போனில் விடும் ஒரு சின்ன அடையாளம், வைத்துப் பிரிப்பது இதைவிட நல்லது. ஆனால் போன் அப்ளிகேஷன் குக்கீயைச் சேமிக்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். எப்படிப் பிரித்தாலும், அந்த நோடு விழுந்தால் அதில் இருந்தவர்களின் லாகினும் சேர்ந்து போய்விடும்.

இரண்டாவது வழி டாம்கேட்டிலேயே இருக்கிறது. செஷனில் வைக்கும் ஒவ்வொரு பொருளும் சீரியலைஸ் ஆக வேண்டும், அதாவது நெட்வொர்க்கில் அனுப்பக்கூடிய வடிவத்துக்கு மாற வேண்டும், அப்ளிகேஷனின் அமைப்பு ஃபைலில் இது பல நோடுகளில் ஓடக்கூடியது என்று குறிக்க வேண்டும். இயல்பான அமைப்பில் நோடுகள் 228.0.0.4 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்கும் போகும்) முகவரியில் ஒன்றையொன்று தேடும். மல்டிகாஸ்ட்டை அடைத்துவைத்த சுவிட்ச் நடுவில் இருந்தால், இரண்டு நோடும் தான் ஒன்றுதான் இருப்பதாக நினைத்துக்கொண்டு எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் ஓடும். எது சிறந்த வழி என்பதில் அனுபவசாலிகளே ஒத்துப்போக மாட்டார்கள். நான் மூன்றாவது பக்கம். போன்களுக்கு செஷனே வேண்டாம், ஒவ்வொரு கோரிக்கையோடும் ஆள் யார் என்று காட்டும் டோக்கன் வரட்டும். அலுவலகத் திரைகளுக்கு மட்டும் செஷனை வெளியே வையுங்கள். பலரும் உடனே, மெமரியில் டேட்டா வைக்கும் ரெடிஸைப் போடச் சொல்வார்கள். நல்ல பொருள்தான், ஆனால் ஐம்பது பேர் உள்ள அலுவலகத்துக்கு, பராமரிக்க வேண்டிய இன்னொரு சர்வீஸ் அது. அது விழுந்தால் எல்லோரும் வெளியே. செஷனை போஸ்ட்கிரெஸ்ஸிலேயே ஒரு டேபிளில் வைத்துக்கொள்ளலாம்.

செஷன் தப்பானால் உடனே தெரிந்துவிடும், ஆட்கள் போன் செய்து கத்துவார்கள். சத்தம் போடாத தப்புகள்தான் மோசம். சில வருடம் முன்பு ஒரு தொழிற்சாலையில் இரண்டு நோடு அமைத்துக் கொடுத்தேன். அவர்களுடைய கோடில், கொழுந்து விலையை ஒரு தடவை டேட்டாபேஸிலிருந்து படித்து அந்த மெஷினின் மெமரியிலேயே தங்கும் ஒரு ஸ்டாடிக் மாறியில் வைத்திருந்தார்கள்; விலையை மாற்றும் திரை அந்த மாறியையும் மாற்றிவிடும். ஒரு மெஷினில் பல வருடம் சரியாக ஓடியது அது. இரண்டு நோடு ஆன பிறகு விலை மாற்றியது ஒரு நோடுக்கு மட்டும்தான் தெரிந்தது. ஒன்றரை நாள், பாதிச் சீட்டு புது விலையிலும் பாதி பழைய விலையிலும் விழுந்தது. பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவர் சீட்டை ஒப்பிட்டுப் பார்த்துக் கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. முன்கூட்டியே தேடியிருக்க வேண்டியது என் பொறுப்பு, தேடவில்லை. அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும், கோடில் ஸ்டாடிக் என்ற சொல்லைத் தேடி ஒவ்வொன்றாகப் படிக்காமல் நான் லோட் பேலன்சரைத் தொடுவதில்லை.

அதே குடும்பத்தில் அடுத்தது, சீட்டு எண். இருக்கும் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டி அடுத்த எண் என்று எடுத்து, இருவர் ஒரே நேரத்தில் எடுக்காமல் இருக்க ஜாவாவின் சிங்க்ரனைஸ்டு பூட்டைப் போட்டிருப்பீர்கள். அந்தப் பூட்டு ஒரு ஜேவிஎம்முக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜாவாவுக்குள், மட்டும்தான் செல்லுபடியாகும். இரண்டு நோடில் ஒரே எண் இரண்டு பேருக்குப் போகும். டேட்டாபேஸே அடுத்த எண்ணைக் கொடுக்கும் போஸ்ட்கிரெஸ்ஸின் சீக்வென்ஸைப் பயன்படுத்தினால் எண் இரட்டிக்காது. ஆனால் இடைவெளி விழும்: பாதியில் ரத்தான பதிவின் எண் திரும்ப வராது, டேட்டாபேஸ் திடீரென விழுந்து எழுந்தால் 32 எண்வரை தாவிப்போகலாம். இடைவெளியே கூடாது என்று உங்கள் ஆடிட்டர் சொன்னால், எண்ணுக்கென்று தனி டேபிளில் ஒரு வரி வைத்து, அந்த வரியைப் பூட்டி எடுங்கள். கொஞ்சம் மெதுவாகும், உங்கள் அளவுக்குத் தெரியாது.

பிறகு, நேரம் பார்த்துத் தானாக ஓடும் வேலைகள். இரவு விவசாயிகளுக்கு எஸ்எம்எஸ் போவது, மாதக் கடைசியில் பட்டுவாடாக் கணக்கு போடுவது. இரண்டு நோடிலும் அதே கோடு என்றால் எஸ்எம்எஸ் இரண்டு தடவை போகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், பட்டுவாடா இரண்டு தடவை போவதைப் பொறுக்க முடியாது. இந்த வேலைகளை நேரத்துக்கு ஓட்ட குவார்ட்ஸ் என்ற ஜாவா லைப்ரரியைப் பயன்படுத்தினால் அதை டேட்டாபேஸ் வழிக் கிளஸ்டர் முறைக்கு மாற்றலாம். அதற்கு நோடுகளின் கடிகாரங்கள் ஒரு நொடிக்குள் ஒத்திருக்க வேண்டும், ஆகவே கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனி மாதிரி ஒன்றை இரண்டிலும் ஓட விடுங்கள். சாதாரண டைமர் என்றால், வேலை தொடங்கும் முன் போஸ்ட்கிரெஸ்ஸின் அட்வைசரி லாக் என்ற பூட்டை எடுக்கச் சொல்லுங்கள், கிடைத்தவர் செய்யட்டும். அதோடு, இந்த மாதத்துக்கு முடிந்தது என்று ஒரு வரியும் எழுதி வைக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடிந்து பூட்டு விடுபட்டால், சற்றுத் தாமதமாக வந்த நோடு மறுபடி தொடங்கிவிடும்.

லோக்கல் டிஸ்க்கில் எழுதும் ஃபைல்களையும் தேடுங்கள்: சீட்டின் படம், பிடிஎஃப், தற்காலிக ரிப்போர்ட். ஒரு நோடில் உருவான பிடிஎஃப்பைப் பார்க்கப் போனால் இன்னொரு நோடு இல்லை என்று சொல்லும். சின்ன ஃபைல்களை டேட்டாபேஸிலேயே வைத்துவிடலாம். அப்புறம் ஒன்று, சின்ன விஷயம்தான்: புது மெஷினில் தமிழ் ஃபான்ட் போட்டீர்களா என்று பாருங்கள். பழையதில் என்றோ ஒருவர் கையால் போட்டிருப்பார், யாருக்கும் நினைவிருக்காது. புது நோடிலிருந்து வரும் சீட்டில் மட்டும் விவசாயியின் பெயர் கட்டம் கட்டமாக வரும்.

இனி டேட்டாபேஸ். இங்கேதான் நிறையப் பேர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். இரண்டு டாம்கேட்டும் ஒரே போஸ்ட்கிரெஸ்ஸைப் பார்த்தால், அந்த போஸ்ட்கிரெஸ் இருக்கும் மெஷின் விழுந்த அன்று மொத்தமும் விழும். ஆகவே இரண்டாவது மெஷினில் அதன் பிரதி ஒன்று தொடர்ந்து எழுதப்பட வேண்டும். அந்த ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனை அமைப்பது ஒரு நாள் வேலை. முதன்மை விழுந்ததும் பிரதியை யார் முதன்மையாக்குவது என்பதுதான் கடினம்.

இயல்பான அமைப்பில், முதன்மை பிரதிக்காகக் காத்திருக்காது. விழும் நொடியில் கடைசிச் சில சீட்டுகள் பிரதிக்குப் போகாமல் இருக்கலாம். காத்திருக்கும்படியும் அமைக்கலாம், ஆனால் ஒரே ஒரு பிரதி வைத்துக்கொண்டு அப்படி அமைத்தால், பிரதி விழுந்த நேரத்தில் முதன்மையும் பதிவை முடிக்காமல் தொங்கி நிற்கும். ஒன்று விழுந்தால் ஓட வேண்டும் என்று வாங்கிய இரண்டாவது மெஷின், எது விழுந்தாலும் நிற்க வைத்துவிடும். இரண்டு பிரதிகள் வைத்து, எது ஒன்று கிடைத்தது என்றாலும் போதும் என்று அமைப்பதுதான் சரியான முறை, போஸ்ட்கிரெஸ் 10-லிருந்து அது முடியும். அதற்கு மூன்று மெஷின் வேண்டும்.

தானாக மாறுவதற்கும் மூன்று வேண்டும். இரண்டு மெஷின்களுக்கு நடுவே உள்ள கேபிள் கழன்றுவிட்டது என்று வையுங்கள். ஒன்றின் பார்வையில் மற்றது செத்துவிட்டது. பிரதி தன்னையே முதன்மையாக்கிக்கொண்டால், இரண்டு முதன்மைகள் இரண்டு பக்கமும் சீட்டு வாங்கிக்கொண்டிருக்கும். ஸ்ப்ளிட் பிரெய்ன் என்பது இதுதான். பிறகு அந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக்குவது கையால் செய்யும் வேலை. இதைத் தடுக்கத்தான் பெரும்பான்மை என்ற விதி: மூன்றில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்தால்தான் முடிவெடுக்கலாம். இரண்டில் பெரும்பான்மை என்றால் இரண்டுமே வேண்டும், ஒன்று விழுந்தால் முடிவெடுக்க ஆளில்லை. போஸ்ட்கிரெஸ்ஸின் முதன்மையைத் தானாக மாற்றும் பட்ரோனியை வைத்து, அதன் பின்னால் வாக்கெடுப்பு நடத்தும் எட்சிடியை வைப்பார்கள். வாக்குப் போடுவதற்கு மட்டும் என்றால் மூன்றாவது மெஷின் சிறியதாக இருக்கலாம், ஆனால் வேறு கரண்ட் இணைப்பில் இருக்கட்டும்.

அந்த மூன்றாவதைக் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ கிளவுடில் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எட்சிடியின் இயல்பான அமைப்பில் 100 மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு, 1000 மில்லிநொடி துடிப்பு வராவிட்டால் புதுத் தேர்தல். லைன் நன்றாக இருக்கும் நாளில் அது போதும். லைன் வந்து வந்து போகும் மழை நாளில், மலைக்கு மேலே இருக்கும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்வரை பிழைத்துவிடும். ஆனால் அதே நாளில் இங்கே ஒன்று விழுந்தால் மீதி ஒன்று தனியாகிவிடும். அதனால் கீழே ஒரு பிரதி வைப்பதை நான் பலமாகச் சொல்வேன், ஆனால் காத்திருக்காத வகையில், வாக்கு இல்லாமல், கட்டடமே போகும் நாளுக்காக மட்டும்.

தானாக மாறுவது நல்லதா, கையால் மாற்றுவது நல்லதா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. 2018 அக்டோபர் 21 அன்று கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு வழக்கமான கருவி மாற்றத்தின்போது வெறும் 43 வினாடி நெட்வொர்க் துண்டானது. அதற்குள் தானியங்கி ஏற்பாடு முதன்மை டேட்டாபேஸை அமெரிக்காவின் மறுகரைக்கு மாற்றிவிட்டது, இரண்டு கரையிலும் ஒன்றுக்கொன்று தெரியாத பதிவுகள் தங்கிவிட்டன. சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. அவர்கள் அளவுக்கு ஆள்பலம் உள்ள இடத்திலேயே அப்படி. நீங்கள் இருவர், மெஷின் இரண்டு. அதனால் இப்போதைக்கு டாம்கேட்டை மட்டும் தானாக மாற விடுங்கள். டேட்டாபேஸை, எழுதி வைத்த படிகளைப் பார்த்துக் கையால் மாற்றுங்கள். அதில் முதல் படி, பழைய முதன்மையின் கரண்டைப் பிடுங்குவது. பத்து நிமிடம் ஆகும். போனில் சீட்டு சேமிப்பு இருந்தால் அந்தப் பத்து நிமிடம் யாருக்கும் தெரியாது. மூன்றாவது மெஷின் வந்த பிறகு பட்ரோனியை யோசிக்கலாம். லோட் பேலன்சரை இரண்டாக்கி, கீப்அலைவ்டு என்ற சாஃப்ட்வேரை வைத்து ஒரே ஐபியை மாற்றிக்கொள்வதில் இவ்வளவு பயம் வேண்டாம். ஒரு நிமிடம் இரண்டும் அதே ஐபியைப் பிடித்தாலும் கணக்கு கெடாது. அதே கீப்அலைவ்டு ஸ்கிரிப்டில் டேட்டாபேஸை முதன்மையாக்கும் கட்டளையைச் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் செய்யாதீர்கள்.

இன்னொன்றும் உறுதியாகச் சொல்கிறேன்: பிரதி என்பது பேக்கப் இல்லை. தவறுதலாக அழித்த ஒரு டேபிள் பிரதியிலும் அதே நொடி அழியும். 2017 ஜனவரி 31 அன்று கிட்ஹப் மாதிரியே இன்னொரு தளமான கிட்லாபில் ஓர் இன்ஜினியர் பிரதியின் டேட்டாவை அழிப்பதாக நினைத்து முதன்மையில் அழித்துவிட்டார். தினசரி பேக்கப் எடுக்கும் கருவி வேறு பதிப்பாக இருந்ததால் பல நாளாகவே எதுவும் எடுபடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது டேட்டாவின் அந்த நேர நகல், இருந்ததால் மீண்டார்கள். மாதம் ஒரு முறை உங்கள் பேக்கப்பை வேறு மெஷினில் ஏற்றி, ஒரு விவசாயியின் மாதக் கணக்கை எடுத்துக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு மெஷினிலும் ஒரே லினக்ஸ் பதிப்பு இருக்கட்டும். லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.28-இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறை மாறியது. முதன்மை பழைய பதிப்பிலும் பிரதி புதிய பதிப்பிலும் இருந்தால், பெயரைத் தேட உதவும் இண்டெக்ஸ் பிரதியில் தவறாகிவிடும். இருக்கிற விவசாயியை இல்லை என்று சொல்லும். கனெக்‌ஷன் எண்ணிக்கையையும் பாருங்கள். போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பு அளவு 100. டேட்டாபேஸுக்கென்று ஒரு டாம்கேட் திறந்து வைக்கும் பூலில் 80 இணைப்பு வைத்திருந்தால், இரண்டாவது நோடு சேர்ந்ததும் 160 கேட்கும்.

செய்யும் வரிசை முக்கியம். புது மெஷினை இப்போது தொடாதீர்கள். பழைய மெஷினிலேயே இரண்டு டாம்கேட்டை வேறு வேறு போர்ட்டில் ஓட்டி, முன்னால் ஹெச்ஏபிராக்ஸி வைத்து, ஒரு கோரிக்கை இதற்கு, அடுத்தது அதற்கு என்று வேண்டுமென்றே மாற்றி மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். முதலில் டெஸ்ட் டேட்டாவோடு, பிறகு உண்மையான ஆட்களோடு ஒரு வாரம். செஷன், விலை, சீட்டு எண், எஸ்எம்எஸ் என்று மேலே சொன்னதில் பெரும்பாலானவை இந்த ஒரு வாரத்திலேயே வெளியே வந்துவிடும். வந்தால் பழையபடி ஒன்றுக்குத் திரும்புவது ஒரு நிமிட வேலை. ஃபான்ட், கடிகாரம், லோக்கல் ஃபைல் மாதிரி மெஷினோடு ஒட்டியவை இதில் தெரியாது, அவை இரண்டாவது மெஷின் வந்த பிறகுதான் தெரியும். மாதக் கடைசி வேலை ஓடும் ஒரு நாளாவது அந்த வாரத்துக்குள் வரும்படி பாருங்கள்.

அதன் பிறகு இரண்டாவது மெஷினில் போஸ்ட்கிரெஸ் பிரதி, அப்புறம் டாம்கேட். காலம், பனி விழுந்து கொழுந்து குறையும் ஜனவரி, பிப்ரவரி. எல்லாம் ஓடத் தொடங்கிய பின், மதியம் எடை தொடங்குவதற்கு முன்பு ஒரு காலையில் இருவரும் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு நோடின் கரண்ட் கேபிளைப் பிடுங்குங்கள். மெல்ல ஷட்டவுன் செய்து பார்ப்பது சோதனை ஆகாது, ஒழுங்காக நிறுத்தினால் எதுவும் ஒழுங்காகத்தான் நடக்கும்.

பல மெஷின்களில் அப்ளிகேஷன்களைத் தானாக நிர்வகிக்கும் குபர்னெட்டிஸைப் போடலாமா என்று பின்குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டு பேர், ஓர் அப்ளிகேஷன் என்றால் என் பதில் வேண்டாம். அது கெட்டுப்போனால் சரிசெய்யத் தெரிந்தவர் மழை நாளில் மலைக்கு மேல் இருக்க வேண்டும்.

இனி நிறுத்தும் நேரம். இரண்டு மெஷினிலும் போஸ்ட்கிரெஸ்ஸின் முக்கியப் பதிப்பு ஒன்றே என்றால் பிரதி முன்கூட்டியே தயாராகிவிடும். மாற்றுவதற்குச் சில நிமிடம், பழகினால் இன்னும் குறைவு. கூடவே பதிப்பையும் உயர்த்த நினைத்தால் ஸ்ட்ரீமிங் ஒத்துவராது, பதிவு பதிவாக நகலெடுக்கும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் வழியாகப் போக வேண்டும். நான் செய்த இடங்களில் அது சீக்வென்ஸின் எண்ணைக் கொண்டுவரவில்லை. கையால் நகர்த்தாவிட்டால் புது மெஷின் சீட்டு எண்ணை 1-லிருந்து தொடங்கும். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். மொத்த டேட்டாவையும் ஃபைலாக டம்ப் எடுத்து ஏற்றுவதாக இருந்தால் எத்தனை மணி நேரம் என்பது உங்கள் டேட்டாவின் அளவையும் டிஸ்க்கையும் பொறுத்தது, ஒரு தடவை ஒத்திகை பார்த்துத்தான் சொல்ல முடியும். போன்கள் பெயர் வைத்து சர்வரைத் தேடுகின்றன என்றால், பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை (பழைய பதிலை வைத்திருக்கும் நேரத்தை) இரண்டு நாள் முன்பே 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். ஐபியைக் கோடிலேயே எழுதியிருந்தால், அதை முதலில் மாற்றி எல்லாப் போன்களுக்கும் புதுப் பதிப்பைக் கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பிற்காலத்தில் இந்த வேலைகளுக்காகப் பழைய மெஷினை வெளியே எடுக்க வேண்டி வந்தால் உடனே பிரித்துப்போடாதீர்கள். அடுத்த மாதப் பட்டுவாடா முடியும்வரை டிஸ்க்கில் கை வைக்காமல் அப்படியே இருக்கட்டும். ஆனால் ஓரமாக வைக்கும் முன் அதன் ஐபியை மாற்றுங்கள், டாம்கேட்டும் போஸ்ட்கிரெஸ்ஸும் தானாகத் தொடங்குவதை நிறுத்துங்கள், மேலே ஒரு காகிதம் ஒட்டுங்கள். கரண்ட் போய் வந்த ஒரு ராத்திரியில் யாராவது அதையும் ஆன் செய்துவிட்டால், பழைய டேட்டாவோடு, பழைய ஐபியில், எஸ்எம்எஸ் அனுப்பத் தயாராக அது எழுந்து நிற்கக் கூடாது.